ஜோன் 22ல இருந்து 14க்கு இறங்கிடுச்சு, என் ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு என்ன ஆச்சு?

தட்டோன்காரி — செவ்வாய், ராத்திரி 9.12

வணக்கம். ரங்கூன்ல எம்.எஸ்சி கடைசி வருஷம் படிக்கிறேன், ஊரு தட்டோன். ப்ராஜெக்ட்டுக்காக எங்க தாத்தா ரப்பர் தோட்டத்து மண்ணுல இருந்து ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ், அதான் ஆன்டிபயாடிக் சுரக்கிற மண் பாக்டீரியா, பிரிச்சு எடுத்தேன். சாம்பல் நிறத்துல பவுடர் தூவின மாதிரி வளரும், பிளேட்டைத் திறந்தா முதல் மழை பெஞ்ச மண் வாசனை அப்படியே அடிக்கும். ஜூன் மாசம் பேசில்லஸ் சப்டிலிஸ்ங்கிற சோதனைக் கிருமி மேல 22 மி.மீ. ஜோன் (கிருமி வளராத வட்டம்) குடுத்துச்சு, சயாமா (எங்க டீச்சர்) லேப்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. இப்போ செப்டம்பர், அதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் 14 தான் குடுக்குது. சாறு ஊத்த அகார் ஜெல்லியில வெட்டுற குழியே 8 மி.மீ., அப்போ என்ன மிச்சம்னு பாத்துக்கங்க.

சாப்பாடு பத்தலையோன்னு குளுக்கோஸை 1 சதவீதத்துல இருந்து 3 ஆக்கினேன், பெப்டோனும் (புரதச் சத்து) கூட்டினேன். வளர்ச்சி என்னவோ கஞ்சி மாதிரி கெட்டியா வருது, ஜோன் மட்டும் இன்னும் சுருங்குது. தீசிஸ் தலைப்பே "ஆன்டிபயாடிக் உற்பத்தியை மேம்படுத்துதல்", நான் மேம்படுத்தின லட்சணம் இது. கரண்ட்டும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை போகுது, ஆனா குடுவையை ஆட்டுற அதே ஷேக்கர் மெஷின்ல என் ஃப்ரெண்டோட ஈஸ்ட் ஜம்முனு வளருது, அதனால கரண்ட் காரணமா இருக்காதுன்னு விட்டுட்டேன். ஜனவரில தீசிஸ் குடுக்கணும். யாராவது இதுல வேலை பாத்தவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

குன்யாக்கடை — செவ்வாய், ராத்திரி 9.30

தங்கச்சி, பாக்டீரியாவும் நம்மள மாதிரி தானே, மூணு சதவீதம் சக்கரை போட்டா வயிறு நிறைஞ்சு தூங்கத்தான் செய்யும். பெனிசிலின் பாக்டீரியாவுக்கு அமெரிக்காக்காரன் பழம் வெச்சான்னு எங்கயோ படிச்சேன், நீயும் ஒரு டூரியான் வெச்சுப் பாரு.

மண்டலே மைக்ரோ — செவ்வாய், ராத்திரி 10.05

பெனிசிலின் பாக்டீரியா இல்லைங்க, பூஞ்சை. பழம் வைக்கவும் இல்லை, பழத்துல இருந்து எடுத்தாங்க. 1943ல அமெரிக்காவுல பியோரியாங்கிற ஊர்ல அழுகின கிர்ணிப் பழத்துல கிடைச்ச பூஞ்சை, ஃப்ளெமிங்கோடதை விட பல மடங்கு சுரந்துச்சு. அதை எக்ஸ்ரே, அல்ட்ரா வயலெட்னு அடிச்சு அடிச்சு ஒவ்வொரு தலைமுறையா தேர்ந்தெடுத்தாங்க. ஆனா நீங்க சோம்பேறித்தனமா சொன்ன அந்த வயிறு நிறையற விஷயம் கிட்டத்தட்ட சரிதான், அதை அப்புறம் சொல்றேன்.

தட்டோன்காரி, முதல்ல ஒரு கேள்வி. ஜூன்ல இருந்து இதுவரைக்கும் ஸ்லாண்ட்டுல (சாய்வா உறைய வெச்ச அகார் டியூப்) இருந்து ஸ்லாண்ட்டுக்கு எத்தனை தடவை மாத்திப் போட்டிருப்பீங்க?

தட்டோன்காரி — செவ்வாய், ராத்திரி 10.11

வாரத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சாலும் பத்துப் பதினஞ்சு தடவை இருக்கும் சயா (சார்). ஏன், அது தப்பா? எங்க லேப்ல எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.

மருந்துக்கடை அண்ணாச்சி — புதன், காலை 7.20

கோவிச்சுக்காதம்மா, ஒரு சந்தேகம். நான் முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன், அமாக்சிசிலின், அசித்ரோமைசின் எல்லாம் இந்தியாவுல இருந்தும் சைனாவுல இருந்தும் பெட்டி பெட்டியா வருது. அவனுங்க மெஷின்ல கெமிக்கலைக் கலந்து டன் கணக்குல அடிச்சுத் தள்றானுங்க. நீ ஒரு குடுவையில மண்ணுப் பூச்சியை வளத்து என்ன ஆகப்போகுது? இன்னும் பாக்டீரியாவை வெச்சா மருந்து பண்றானுங்க?

பழைய தொட்டி — புதன், காலை 8.45

அண்ணாச்சி, அங்கதான் ஏமாந்துட்டீங்க. உங்க அலமாரியில இருக்கிற ஆன்டிபயாடிக்ல பாதிக்கு மேல உயிர்ப் பொருள் தின்னு கக்கினதுதான். சிப்ரோஃப்ளாக்சசின் முழுக்க கெமிக்கல், சரி. குளோராம்பெனிகால் முதல்ல பாக்டீரியாவுல கிடைச்சுது, மூலக்கூறு சின்னதா இருந்ததால இப்போ ரசாயனமா செய்றாங்க, அதுவும் சரி. ஆனா அமாக்சிசிலினுக்கு அடிப்படை பெனிசிலின்-ஜி, அது தொட்டியில பூஞ்சை குடுக்கிறது, அதை என்சைம் வெச்சு வெட்டி வேற வால் ஒட்டினா அமாக்சிசிலின். அசித்ரோமைசின் எரித்ரோமைசின்ல இருந்து வருது, எரித்ரோமைசினை பாக்டீரியாதான் சுரக்கணும். டாக்சிசைக்ளினுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின். டி.பி.க்கு குடுக்கிறீங்களே சிவப்பு மாத்திரை ரிஃபாம்பிசின், அது ரிஃபாமைசின்ல இருந்து. எரித்ரோமைசின் மூலக்கூறை ரசாயனமா கட்டி எழுப்பினவங்க இருக்காங்க, ஆனா அத்தனை படி ஏறி இறங்கி ஒரு மாத்திரை செஞ்சா அதை வாங்க நீங்க கடையை விக்கணும்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. பொறந்தது மோல்மேன், 1964ல அப்பா கையைப் பிடிச்சிக்கிட்டு கப்பல்ல மெட்ராஸ் போனவன். அப்புறம் மேற்கு இந்தியாவுல ஒரு பிளான்ட்ல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஃபெர்மென்டேஷன்ல, அதான் தொட்டியில நுண்ணுயிர் வளக்கிற வேலையில இருந்தேன், முதல்ல பெனிசிலின், அப்புறம் எரித்ரோமைசின். மகளை மோல்மேன்லயே கட்டிக் குடுத்ததால இப்போ இங்க பேரப்பிள்ளைகளோட இருக்கேன். பொண்ணு கேட்ட கேள்விக்கு வர்றேன்.

அம்மா, உன் ஈஸ்ட் கணக்கு தப்பு. ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் இல்லைன்னா சாராயம் காய்ச்சிக்கிட்டு உயிர் வாழும், அதுக்குக் கவலையே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு அந்த வழி கிடையாது, காத்து நின்னா அது நின்னுச்சு. 28 டிகிரில ஒரு லிட்டர் தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன் 8 மில்லிகிராம் கிட்டதான், அதுவும் உப்பு சக்கரை போட்டா இன்னும் கம்மி. நீ சொல்ற கஞ்சிப் பதத்துல இருக்கிற வளர்ச்சி அதை ஒரு சில நிமிஷத்துல உறிஞ்சிடும். ஷேக்கர் ஆடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் மேல இருந்து புதுசா கரையும், நின்னா அவ்வளவுதான். எங்க பிளான்ட்ல டிஸால்வ்ட் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழ வந்தாலே மணி அடிக்கும், நீ பூஜ்யத்துல மணிக்கணக்கா விட்டு வெச்சிருக்க. முக்கியமா ரெண்டாவது மூணாவது நாள், வளர்ச்சி முடிஞ்சு சுரக்க ஆரம்பிக்கிற நேரத்துல மூச்சு முட்டினா அது திரும்பக் காத்து வந்தாலும் பழைய வேகத்துக்கு வராது, நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஒரு தடவை ராத்திரி ஷிஃப்ட்ல கம்ப்ரஸர் டிரிப் ஆகி பதினஞ்சு நிமிஷம் காத்து இல்லாமப் போச்சு. லட்சம் லிட்டர் தொட்டி. நாங்க ஓடிப் போய் திரும்பக் காத்தைத் திறந்தா அடுத்த நிமிஷம் நுரை பொங்கி எக்ஸாஸ்ட் குழாய் வரைக்கும் ஏறிடுச்சு, எண்ணெயை ஊத்தி ஊத்தி அடக்கினோம். காலையில பாத்தா பாக்டீரியா உயிரோடதான் இருக்கு, பி.எச்.சும் ஒழுங்கா இருக்கு, ஆனா அந்த பேட்ச் கடைசியில சாதாரணமா வர்றதுல பாதிதான் வந்துச்சு. மேனேஜர் கேட்டப்போ என் கையில இருந்ததெல்லாம் சார்ட் பேப்பர்ல பதினஞ்சு நிமிஷ அகலத்துல ஒரே ஒரு பள்ளம்.

எத்தனை மில்லி குடுவையில எத்தனை மில்லி ஊத்துற?

தட்டோன்காரி — புதன், மத்தியானம் 12.40

250 மில்லி குடுவையில 150 மில்லி ஐயா. குடுவை கம்மியா இருக்கு, அதனால நிறைய ஊத்தினா நிறைய கிடைக்கும்னு...

பழைய தொட்டி — புதன், மத்தியானம் 12.52

அய்யோ. 250க்கு 50க்கு மேல போகாத, 30 இருந்தா இன்னும் நல்லது. நிறைய ஊத்தினா குடுவை ஆடும், தண்ணி ஆடாது. பஞ்சு அடைப்பை நனைய விடாத, நனைஞ்ச பஞ்சு காத்தையும் விடாது, கண்ட கிருமியையும் உள்ள இழுக்கும். உருண்டை உருண்டையா ஜவ்வரிசி மாதிரி வளர்ந்தா உள்ள இருக்கிறது பட்டினி கிடக்கும், அதுக்குக் குடுவையில பத்துக் கண்ணாடி மணியோ துரு பிடிக்காத ஸ்பிரிங்கோ போட்டு ஆட்டுவாங்க.

மண்டலே மைக்ரோ — புதன், சாயந்திரம் 6.15

தொட்டி ஐயா சொல்றதை மறுக்கலை, ஆனா அவர் பிளான்ட்டுல ஸ்ட்ரெய்ன், அதான் வளக்கிற நுண்ணுயிரோட வம்சம், எப்பவும் ஒழுங்கா இருந்திருக்கும், அதைப் பாத்துக்க தனி ஆளு இருந்திருப்பாங்க. அதனால அவருக்கு எல்லாம் காத்தாவே தெரியுது. நான் முதல்ல சந்தேகப்படுறது ஸ்ட்ரெய்னைத்தான்.

ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு நம்ம இ.கோலை மாதிரி வட்டமான குரோமோசோம் கிடையாது, நீட்டமா இருக்கும், ரெண்டு நுனியும் நிலையில்லாதது. திரும்பத் திரும்ப மாத்திப் போடுறப்போ நுனியில இருந்து பெரிய பெரிய துண்டா உதிரும். உயிர் வாழ அது தேவைப்படாது, அதனால உதிர்ந்தவனும் நல்லா வளருவான், சொல்லப்போனா வேகமாவே வளருவான், ஏன்னா ஆன்டிபயாடிக் செய்ற செலவு அவனுக்கு இல்லை. நீங்க ஒவ்வொரு வாரமும் லூப் கம்பியில கொஞ்சம் எடுத்து மாத்துறப்போ யாரு வேகமா வளர்ந்தானோ அவனைத்தான் அள்ளுறீங்க. உழைக்கிறவனை விட்டுட்டு ஊரைச் சுத்துறவனுக்கு ஓட்டுப் போட்ட கதை. பத்துப் பதினஞ்சு தடவை அப்படித் தேர்ந்தெடுத்தாச்சு.

ஒண்ணு பண்ணுங்க. இப்போ இருக்கிற கல்ச்சர்ல இருந்து ஸ்போரை (விதை மாதிரி) நீர்த்து, பிளேட்டுக்கு நூறு காலனி வர்ற மாதிரி பரப்பி ஒரு வாரம் விட்டுட்டு உத்துப் பாருங்க. எல்லாம் சாம்பல் பவுடரா இருக்கா, இல்லை நடுவுல வழுவழுன்னு மொட்டைத் தலை மாதிரி காலனி இருக்கா? மொட்டைகள் பல நேரம் ஆன்டிபயாடிக்கும் சுரக்காது.

குன்யாக்கடை — புதன், சாயந்திரம் 6.40

மொட்டை போட்டவன் சுரக்க மாட்டானா, பீலிக்கான் முனீஸ்வரன் கோயிலுக்குப் போய்ட்டு வந்த பாக்டீரியா போல.

தட்டோன்காரி — புதன், ராத்திரி 8.02

சயா எனக்கு இப்பவே நெஞ்சு படபடங்குது. பிளேட்டைப் பாத்தேன், ஓரத்துல வழுவழுன்னு சிலது இருந்ததை நான் கன்டாமினேஷன்னு நினைச்சு ஒதுக்கி வெச்சேன். எத்தனைன்னு எண்ணலை.

மண்டலே மைக்ரோ — புதன், ராத்திரி 8.20

எண்ணுங்க. ஜூன் மாச ஸ்லாண்ட் எதாவது ஃப்ரிட்ஜ்ல மிச்சம் இருக்கான்னும் தேடுங்க.

இப்போ அந்த வயிறு நிறையற விஷயம். இந்த பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் அன்றாட வேலை இல்லை. சாப்பாடு தாராளமா இருக்கிற வரைக்கும் வளரும், தட்டுப்பாடு வர ஆரம்பிச்சா உடம்பைக் கரைச்சு ஸ்போர் கட்டத் தயாராகும், அந்த நேரத்துலதான் சுரக்கும். குளுக்கோஸ் நிறைய இருந்தா சுரக்கிற ஜீனையே பூட்டிடும், பாஸ்பேட் நிறைய இருந்தாலும் அதே கதை, அமோனியாவும் அப்படித்தான். நீங்க 3 சதவீத குளுக்கோஸும் பெப்டோனும் போட்டது பரீட்சைக்கு முந்தின நாள் பையனுக்குக் கல்யாண சாப்பாடு போட்டது மாதிரி. மெதுவா கரையறதைக் குடுங்க: ஸ்டார்ச், கிளிசரால். நைட்ரஜனுக்கு சோயா மாவு. மீடியாவுல (வளர்ப்புக் கரைசல்) பொட்டாசியம் பாஸ்பேட் எவ்வளவு போடுறீங்க?

தட்டோன்காரி — புதன், ராத்திரி 8.31

லிட்டருக்கு 2 கிராம். பழைய தீசிஸ்ல இருந்ததை அப்படியே எடுத்தேன்.

மண்டலே மைக்ரோ — புதன், ராத்திரி 8.44

கால்வாசி ஆக்கிப் பாருங்க. பழைய தீசிஸ்ல இருக்கிறது அதுக்கு முந்தின தீசிஸ்ல இருந்து வந்திருக்கும்.

பழைய தொட்டி — வியாழன், காலை 6.30

சோயா மாவு தேடி அலைய வேண்டாம்மா, நம்ம ஊர்ல கடலைப் புண்ணாக்கு இருக்கே, மாட்டுக்கு வாங்குற அதே புண்ணாக்கு, நல்லா இடிச்சு சலிச்சு லிட்டருக்கு 15, 20 கிராம் போடு. ஸ்டார்ச்சுக்கு மரவள்ளி மாவு போதும். சும்மா சொல்லலை, பெனிசிலினே அப்படித்தான் கடைத்தேறுச்சு, அமெரிக்காவுல சோள ஸ்டார்ச் எடுத்த பிறகு மிஞ்சுற புளிச்ச ஊறல் தண்ணி, கார்ன் ஸ்டீப் லிக்கர்னு சொல்லுவாங்க, யாரும் சீண்டாம கிடந்ததை மீடியாவுல ஊத்தினாங்க, உற்பத்தி பல மடங்கு ஏறிடுச்சு. பிளான்ட்ல டின் டின்னா வரும், அந்த நாத்தம் துணியில ஏறினா மூணு தடவை துவைச்சாலும் போகாது, என் வீட்டுக்காரி அந்தச் சட்டையை வாசல்லயே கழட்டச் சொல்லுவா.

ரெண்டு எச்சரிக்கை. சக்கரை எதாவது போட்டா அதைத் தனியா ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில கிருமி நீக்கம்) பண்ணிட்டு அப்புறம் கலக்கு, புண்ணாக்கோட சேத்து வெச்சா வறுத்த மாதிரி பழுப்பாயிடும். ரெண்டாவது, பி.எச். இறங்காம இருக்க கால்சியம் கார்பனேட் கொஞ்சம் போடலாம், லிட்டருக்கு 3 கிராம் மாதிரி.

குன்யாக்கடை — வியாழன், காலை 7.05

சுண்ணாம்பு தானே ஐயா, என் வெத்தலைக் கடையில டப்பா டப்பாவா இருக்கு, ஒரு கரண்டி தங்கச்சிக்கு ஃப்ரீ.

பழைய தொட்டி — வியாழன், காலை 7.09

வெத்தலைச் சுண்ணாம்பு போட்டா பாக்டீரியா வெந்துடும் தம்பி. அது ஹைட்ராக்சைடு, கொடுங்காரம். நான் சொன்னது கார்பனேட், சாக்பீஸ் ஜாதி, ஆனா கடைச் சாக்பீஸும் வேண்டாம், லேப்ல இருக்கிற பாட்டில்ல இருந்தே எடும்மா.

ஜோன் கணக்கு — வியாழன், மத்தியானம் 1.30

ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், யாரும் அடிப்படையைத் தொடலை. நான் க்யூ.சி.ல (தரப் பரிசோதனை) ஆன்டிபயாடிக் அசே, அதான் மருந்தோட வீரியத்தை அளக்கிறது, மட்டும் பண்றவ.

அக்கா சொல்றேன் கேட்டுக்கோ தட்டோன்காரி, 22 மி.மீ.ல இருந்து 14 வந்துச்சுன்னா எவ்வளவு குறைஞ்சிருக்கு? உன் சயாமாகிட்ட கேட்டா மூணுல ஒரு பங்கு கிட்டன்னு சொல்லுவாங்க. தப்பு. ஜோன் அளவு மருந்தோட அளவைப் பொறுத்து நேரா ஏறாது, அதோட லாகரிதத்தைப் பொறுத்து ஏறும். மருந்து ரெண்டு மடங்கு ஆனாலும் ஜோன் ரெண்டு மூணு மி.மீ.தான் கூடும். அதனால தீசிஸ்ல எல்லாம் "ஸ்டார்ச் போட்டதுல 20ல இருந்து 23, பதினஞ்சு சதவீதம் உயர்வு"ன்னு எழுதுறது பொய்க்கணக்கு, அது நூறு சதவீத உயர்வா இருக்கலாம், நூத்தம்பதா இருக்கலாம். அதே மாதிரி 19க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் அகார் ஒரு மி.மீ. தடிமனா ஊத்தினதால வந்திருக்கலாம்.

உன் மருந்து என்னன்னே தெரியாது, அதனால ஒப்பிட்டு அளக்க ஸ்டாண்டர்ட் மருந்து வாங்க முடியாது. பரவாயில்லை. இருக்கிறதுலயே நல்ல குடுவை சாறை எடுத்து பாதி, கால், அரைக்கால்னு நீர்த்து ஒரே பிளேட்ல நாலு குழியில ஊத்து. அந்த நாலு புள்ளியை வெச்சு கோடு போடு. இனிமே எந்த ஜோன் வந்தாலும் அந்தக் கோட்டுல வெச்சுப் பாத்து "அந்த நல்ல சாறுல இத்தனை பங்கு"ன்னு சொல்லு. பாக்டீரியா போடாத வெறும் மீடியாவையும் ஒரு குழியில ஊத்து, பி.எச். இறங்கின மீடியாவே சில நேரம் ஜோன் குடுக்கும். எத்தில் அசிட்டேட் கரைப்பான்ல மருந்தைப் பிரிச்செடுத்தா வெறும் எத்தில் அசிட்டேட்டுக்கும் ஒரு குழி. இதைச் செய்யாம மீடியா மாத்துறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும், அளவுகோலே ரப்பர்ல இருக்கு, துணியை இழுத்து இழுத்து அளக்குறாங்க.

மண்டலே மைக்ரோ — வியாழன், மத்தியானம் 2.10

வாங்கிக்கட்டிக்கிட்டேன். நானும் மாணவர்களை சதவீதம் போட விட்டிருக்கேன்.

மருந்துக்கடை அண்ணாச்சி — வியாழன், ராத்திரி 9.00

தொட்டி ஐயா, ரிஃபாம்பிசின்னு சொன்னீங்களே, அதுவும் மண்ணுலயா? நம்ம நாட்டுல டி.பி. இல்லாத தெரு இல்லை, அதனால கேக்குறேன்.

பழைய தொட்டி — வியாழன், ராத்திரி 9.40

மண்ணுதான் அண்ணாச்சி. 1957ல பிரான்ஸ் தெக்குக் கடற்கரையில ஒரு பைன் காட்டு மண்ணு, இத்தாலியில மிலான்ல உக்காந்து பிரிச்சாங்க. அந்த பாக்டீரியா ஒரு மருந்தைச் சுரக்காம அஞ்சு வகையைக் கலந்து கக்கிட்டு இருந்துச்சு, பிரிக்கிறதுக்குள்ள உயிர் போச்சு. மீடியாவுல பார்பிட்டால்னு ஒரு தூக்க மாத்திரைச் சரக்கைச் சேத்தாங்க, அதுல இருந்து கிட்டத்தட்ட ஒரே வகை, ரிஃபாமைசின்-பி மட்டும் வர ஆரம்பிச்சுது. அதை ரசாயனமா மாத்தி மாத்திப் பாத்துதான் வாயால சாப்பிடுற ரிஃபாம்பிசின் வந்துச்சு. எரித்ரோமைசின்லயும் நாங்க புரோபனால் சொட்டு சொட்டா விடுவோம், அதோட எலும்புக்கூடு புரோபியோனேட் துண்டுகளைக் கோத்துக் கட்டுறது, செங்கல்லைக் கையில குடுத்தா கொத்தனாருக்கு வேலை சுருக்கு. அளவு மிஞ்சினா விஷம், அதான் சொட்டு.

மருந்துக்கடை அண்ணாச்சி — வியாழன், ராத்திரி 9.55

அப்போ நான் மூணு நாள் மாத்திரை போதும்னு வர்றவனுக்கு வெட்டிக் குடுக்கிறது... சரி விடுங்க, அது வேற பஞ்சாயத்து.

ஜோன் கணக்கு — வியாழன், ராத்திரி 10.03

விட மாட்டேன் அண்ணாச்சி, தனி இழை தொடங்குங்க, அங்க வர்றேன்.

தட்டோன்காரி — சனி, மத்தியானம் 3.25

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு செய்தி. ஒண்ணு, ஜூன் ஸ்லாண்ட் ஒண்ணு கிடைச்சிடுச்சு! ஃப்ரிட்ஜ் அடியில வேற ஒருத்தரோட பெட்டிக்குப் பின்னாடி, லேபிள் பாதி அழிஞ்சு. ரெண்டு, மொட்டைகளை எண்ணினேன், இப்போ ஓடுற கல்ச்சர்ல 118 காலனில 41 மொட்டை.

இப்போ குழப்பம். ஸ்ட்ரெய்ன், மீடியா, கரண்ட், மூணுல எதை முதல்ல சரி பண்றது? ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தா மாசக்கணக்கு ஆகும்.

மண்டலே மைக்ரோ — சனி, சாயந்திரம் 4.00

ஒவ்வொண்ணா மாத்தாதீங்க, மூணையும் சேத்து மாத்துங்க. பழைய ஸ்லாண்ட், இப்போதைய கல்ச்சர். குளுக்கோஸ் மீடியா, ஸ்டார்ச்-புண்ணாக்கு மீடியா. கரண்ட் தடையில்லாம ஆடினது, நடுவுல நின்னது. ரெண்டு ரெண்டு ரெண்டு, எட்டு வகை, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு குடுவை, மொத்தம் பதினாறு. ஒண்ணு இன்னொண்ணைக் கெடுக்குதான்னும் இதுலதான் தெரியும். காரணம் நிறைய இருந்தா பிளாக்கெட்-பர்மன்னு ஒரு முறை, பன்னெண்டு குடுவையில பதினொரு காரணி வரைக்கும் சலிக்கலாம், ஆனா அதுல காரணிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்றது தெரியாது, இங்க வேண்டாம்.

குன்யாக்கடை — சனி, சாயந்திரம் 4.08

பர்மன்னா நம்மாளா?

மண்டலே மைக்ரோ — சனி, சாயந்திரம் 4.10

இல்லை, இங்கிலீஷ்காரர். 1946.

பழைய தொட்டி — சனி, சாயந்திரம் 5.30

கரண்ட்டை எப்படி ரெண்டு விதமா பண்ணுவன்னு யோசிச்சியா? ஷேக்கரை இன்வெர்ட்டர்ல போடு, யாருகிட்டயாவது கெஞ்சி பேட்டரி வாங்கு. எட்டுக் குடுவை ஆடிக்கிட்டே இருக்கட்டும். மத்த எட்டை மட்டும் தினமும் நாலு மணி நேரம் கழட்டி மேசை மேல வை, அது கரண்ட் போன மாதிரி. மேசையும் ஷேக்கர் ரூமும் ஒரே சூடா இருக்கணும். இனாக்குலம், அதான் குடுவையில விதைக்கிற கல்ச்சர், பதினாறுக்கும் ஒரே வயசு, ஒரே அளவு, அந்த விதைக் கல்ச்சரை 36 மணி நேரத்துல எடுத்து நூத்துக்கு அஞ்சு ஊத்து. இதுல சொதப்பினா மிச்சமெல்லாம் வீண்.

தட்டோன்காரி — அடுத்த மாசம், ஞாயிறு, ராத்திரி 7.50

மன்னிச்சுக்கங்க, இடையில ஆட்டோகிளேவ் கேஸ்கெட் போய் ஒரு வாரம் போச்சு, முதல் செட் பூரா கன்டாமினேட் ஆகி ஊத்த வேண்டியதாச்சு. குடுவையைத் திறந்தா மண் வாசனைக்குப் பதிலா புளிச்ச வாடை, அப்பவே தெரிஞ்சிடுச்சு. ரெண்டாவது செட் முடிஞ்சுது. ஜோன் கணக்கு அக்கா சொன்ன மாதிரி முதல்ல கோடு போட்டேன், என் பிளேட்ல பாதியாக்கினா 3 மி.மீ. குறையுது. அப்போ 22ல இருந்து 14க்கு வந்தது ஆறு மடங்குக்கு மேல வீழ்ச்சி! அன்னிக்கு ராத்திரி சாப்பாடே இறங்கலை.

ஆறாவது நாள் முடிவு. இப்போதைய கல்ச்சர் என்ன போட்டாலும், எவ்வளவு ஆட்டினாலும் 16ஐத் தாண்டலை. பழைய ஸ்லாண்ட்: குளுக்கோஸ்ல நிக்காம ஆடினது 20, மேசை மேல வெச்சது 18. ஸ்டார்ச்-புண்ணாக்குல நிக்காம ஆடினது 26, மேசை மேல வெச்சது 20. ரெண்டு ரெண்டு குடுவையோட சராசரி. வெறும் மீடியாவுல ஜோன் இல்லை.

ஜோன் கணக்கு — ஞாயிறு, ராத்திரி 8.15

சபாஷ். இப்போ நானே கணக்குப் போடுறேன். பழைய ஸ்லாண்ட்ல நல்ல மீடியாவுக்கு மாறினது 20ல இருந்து 26, ஆறு மி.மீ., அதாவது நாலு மடங்கு. ஆனா ஆட்டாம வெச்சா அதே மீடியா மாத்தம் ரெண்டு மி.மீ., ஒன்றரை மடங்குதான். மீடியாவோட பலன் காத்து இருந்தாத்தான் முழுசா வருது. நீ ஒவ்வொண்ணா மாத்தியிருந்தா, கரண்ட் போற நாள்ல ஸ்டார்ச் போட்டுப் பாத்துட்டு "பெருசா ஒண்ணும் இல்லை"ன்னு தூக்கிப் போட்டிருப்ப. 26 உன் கோட்டுக்கு வெளிய இருக்கு, அந்தச் சாறை நீர்த்து திரும்ப ஓட்டு, நேரா நீட்டாத.

பழைய தொட்டி — ஞாயிறு, ராத்திரி 8.30

மண்டலே சயா, ஒத்துக்கிறேன், முதல் குற்றவாளி ஸ்ட்ரெய்ன்தான். ஆனா ரெண்டாவது நான் சொன்ன காத்து.

மண்டலே மைக்ரோ — ஞாயிறு, ராத்திரி 8.41

காத்தும்தான் ஐயா, அந்த ஆறு மி.மீ. என்னை வாயடைக்க வெச்சிடுச்சு.

தட்டோன்காரி, நேரம் இருந்தா ஒரு விஷயம் முயற்சி பண்ணுங்க. ஸ்ட்ரெய்னை இன்னும் கூடுதலா சுரக்க வைக்க ஜப்பான்ல ஓச்சியோட குழு காட்டின வழி, அல்ட்ரா வயலெட் அடிக்கிறதை விட எளிசு. ஸ்போரை ஸ்ட்ரெப்டோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் கலந்த பிளேட்ல நெருக்கமா பரப்புங்க. பெரும்பாலும் செத்துடும். தப்பிச்சு வர்ற ஒண்ணு ரெண்டுல சிலதுக்கு ரைபோசோம் (செல்லுக்குள்ள புரதம் செய்ற இடம்) புரதத்துல மாற்றம் இருக்கும், அந்த மாதிரி சிலது கடைசிக் கட்டத்துலயும் புரதம் செய்றதை நிறுத்தாது, அதனால ஆன்டிபயாடிக் கூடுதலா சுரக்கும். எல்லாமே அப்படி வராது, நூறுல ஒரு சிலது நல்லது, மிச்சம் சோப்ளாங்கி. ஐம்பது காலனியாவது எடுத்துச் சோதிக்கணும். மருந்துக்கு அசராத கிருமியைக் கையில வெச்சிருக்கீங்கங்கிறது ஞாபகம் இருக்கட்டும், ஒரு பிளேட் விடாம ஆட்டோகிளேவ் பண்ணாம வெளிய போடாதீங்க.

பழைய தொட்டி — ஞாயிறு, ராத்திரி 8.58

அதுக்கு முன்னாடி இருக்கிறதைக் காப்பாத்து. உங்க லேப்ல மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் இருந்தாலும் கரண்ட் இல்லாம அது வெறும் அலமாரி. மண் ஸ்டாக் போடு. தோட்ட மண்ணைச் சலிச்சு டியூப்ல கால்வாசி போட்டு, மூணு நாள் தொடர்ந்து தினம் ஒரு தடவை ஆட்டோகிளேவ் பண்ணு, அப்புறம் அந்த ஜூன் ஸ்லாண்ட்டோட ஸ்போர்த் தண்ணியை ஒரு மில்லி விட்டு, நல்லா காய விட்டு மூடி வை. வருஷக்கணக்குல கிடக்கும். ஒவ்வொரு தடவையும் அதுல இருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் புதுசா தொடங்கு, ஸ்லாண்ட்டுல இருந்து ஸ்லாண்ட்டுக்கு நடத்தாத. ஒரே இடத்துல வைக்காத, மூணு இடத்துல வை.

தட்டோன்காரி — செவ்வாய், காலை 10.20

போட்டாச்சு ஐயா, மூணு டியூப். ஒண்ணு லேப்ல, ஒண்ணு சயாமா ரூம் ஃப்ரிட்ஜ்ல, மூணாவதை லீவுக்கு ஊருக்குப் போறப்போ எடுத்துட்டுப் போய் வீட்டு ஃப்ரிட்ஜ்ல நாப்பி (மீன் விழுது) டப்பாவுக்குப் பக்கத்துல வெச்சிட்டேன், அது மேல அம்மா "தொடாதே"ன்னு சீட்டு ஒட்டிட்டாங்க.

பழைய தொட்டி — செவ்வாய், காலை 10.24

வீட்டு ஃப்ரிட்ஜ்லயா! சாப்பாடு இருக்கிற இடத்துல கல்ச்சர் வைக்கக் கூடாதும்மா, இன்னிக்கே எடுக்கச் சொல்லு.

குன்யாக்கடை — செவ்வாய், காலை 10.31

நாப்பி பக்கத்துல வெச்சா கல்ச்சருக்குத்தான் ஆபத்து.

தட்டோன்காரி — செவ்வாய், காலை 11.05

அம்மாவுக்கு ஃபோன் பண்ணிட்டேன். பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு டேப் சுத்தி மாமா கையில குடுத்து விடுறாங்களாம், சாயந்திர பஸ்ல ரங்கூன் வருது. மண்டலே சயா, உங்க டிபார்ட்மென்ட்ல இந்த மூணாவது டியூப்புக்கு இடம் கிடைக்குமா?

மண்டலே மைக்ரோ — செவ்வாய், காலை 11.12

கிடைக்கும். லேபிளை பென்சில்ல எழுதி அனுப்புங்க, பேனா மை ஃப்ரிட்ஜ் ஈரத்துல அழிஞ்சிடும்.